டிக்கெட்டில் இருந்த பெண்

விமான நிலையக் கவுன்டரில் இருந்தவள் என் கடவுச்சீட்டையும் டிக்கெட் தாளையும் அருகருகே வைத்து மூன்று முறை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டிக்கெட்டை என் பக்கம் திருப்பி, பேனா முனையால் ஒரு வரியைத் தொட்டாள்.

"மதாம், இந்தப் பெண் யார்?"

பிரெஞ்சில்தான் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். என் பெயர் இருந்தது. குடும்பப் பெயர் வர வேண்டிய இடத்தில் என் கணவரின் பெயர் இருந்தது. கடவுச்சீட்டில் அதே இடத்தில் இருப்பது என் அப்பாவின் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயரை முன்னால் போட்டு எழுதுவோம். வெளிநாட்டுப் படிவத்தில் ஏறியதும் அது குடும்பப் பெயராகிவிடும். அந்தப் பெயரில்தான் நான் கனடாவுக்குள் வந்தேன். அந்தப் பெயரில்தான் குடியுரிமைச் சத்தியம் செய்தேன்.

"அது இவருடைய பெயர்" என்று பக்கத்தில் நின்ற கணவரைக் காட்டினேன்.

"கெபெக்கில் மனைவி கணவரின் பெயரை எடுப்பதில்லையே, மதாம். சட்டம் அப்படி."

"தெரியும். நான் எடுக்கவில்லை."

"அப்படியானால் எடுத்தது யார்?"

அவளுடைய மேலாளர் வந்தார். அவரும் இரண்டு தாள்களையும் பார்த்தார். தொலைபேசியில் யாரிடமோ பேசினார். பேசி முடித்ததும் தீர்ப்புச் சொல்வதைப் போல் இல்லாமல், காலநிலை அறிவிப்பதைப் போலச் சொன்னார்: "மிஸ்யூ போகலாம். மதாம் போக முடியாது."

அது ஜனவரி மாதம். வெளியே பனி முழங்கால் வரை கிடந்தது. நாங்கள் போகவிருந்த தென்னமெரிக்காவில் அப்போது கோடை; அதற்கு உடுத்தி, மேலே மெல்லிய கோட்டைப் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு முதுகுப்பையுடன் நின்றோம்.

அந்தப் பயணத்துக்கு மூன்று குளிர்காலம் காத்திருந்தோம். நாங்கள் அப்போது மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் ஒரு மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். அவர் துறைமுகத்தை ஒட்டிய கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் செயின்ட்-மிஷேலில் ஒரு துணிக்கிடங்கில் வேலை செய்தேன். சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் சிறு துண்டில் "குளிர்ந்த நீரில் துவைக்கவும்" என்பது பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஒன்பது வருடம் ஒப்புநோக்குநராக இருந்தவள் நான். புரூஃபை வாசித்துச் சிவப்புப் பேனாவால் பிழை பிடிப்பதுதான் தொழில். தலையங்கத்திலிருந்து சட்டைக் கழுத்துக்கு இறங்கியிருந்தேனே தவிர, தொழில் மாறவில்லை.

அடுத்த மேசையில் சிலி நாட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். எழுபதுகளில் அங்கே இராணுவ ஆட்சி வந்தபோது கணவனோடு தப்பி வந்தவள். அவள் ஊர் வல்பரைசோ. மதியச் சாப்பாட்டில் அதைப் பற்றியே பேசுவாள். கடல், துறைமுகம், கடலிலிருந்து நேரே எழும் மலைகள், மலை முழுக்கத் தகர வீடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். "உன் ஊரும் கடற்கரைதானே? அதைச் செங்குத்தாக நிமிர்த்தி வை. அதுதான் என் ஊர்" என்றாள் ஒருநாள். அன்று மாலை வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அங்கை கிரேன் இருக்குமோ?"

"துறைமுகமெண்டால் இருக்குந்தானே."

"அப்ப போவம்."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. விடுமுறை கிடைத்தால் டொராண்டோவில் கலியாணவீடு, இல்லாவிட்டால் யாராவது பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு. இந்த முறை யாருடைய வீட்டுக்கும் போவதில்லை என்று முடிவு செய்தோம். ஹோட்டல் இல்லை, சுற்றுலாக் குழு இல்லை, முதுகுப்பையோடு நடப்பது, பேருந்தில் ஏறுவது. டிக்கெட் போடும் கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் மேசையில் இருந்த டெலிபோன் கார்டு அடுக்குச் சரிந்தது.

"பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராத் திரியிறதுக்கு ஆரேன் டிக்கெட் எடுப்பினமோ? சண்டைக்குள்ளை நாங்கள் அதைச் சும்மாவெல்லோ செய்தனாங்கள்!"

பார்க் மெட்ரோவிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது அவர் கடை. கொழும்பு, சென்னை டிக்கெட், அதோடு பக்கத்தில் மிக்சர் பக்கெட், அரிசிமா. எல்லோருக்கும் அவர் அண்ணை. அவருக்கு ஆண்கள் எல்லோரும் தம்பி, பெண்கள் எல்லோரும் தங்கச்சி. அந்த உறவுமுறையின் விலை என்ன என்று விமான நிலையத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

கவுன்டரை விட்டு விலகி நின்று கணவரின் கைத்தொலைபேசியில் கடைக்காரரை அழைத்தேன்.

"அண்ணை, டிக்கெட்டிலை என்ர பேரை ஏன் மாத்தினனீங்கள்?"

"ஆர் மாத்தினது? தங்கச்சி, இப்ப எங்கை நிக்கிறியள்?"

"எயார்போட்டிலை. என்னை ஏத்த மாட்டினமாம்."

"ஏத்த மாட்டினமோ? கொழும்புக்கு எத்தினை சனத்தை இப்பிடி அனுப்பினனான். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே."

"பாஸ்போட்டைப் பாத்துத்தானே அடிச்சனீங்கள்?"

"பாத்தனான். பாத்தால் தேப்பன்ர பேர் கிடக்கு. கலியாணம் கட்டின பொம்பிளை தேப்பன்ர பேரிலை போறதோ? ரண்டு பேருக்கும் ரண்டு பேரெண்டால் பாக்கிற சனம் என்ன நினைக்கும்? உங்கட நன்மைக்குத்தான் தங்கச்சி."

"என்ர பேரை மாத்தச் சொல்லி உங்களிட்டை ஆர் கேட்டது?"

"நான் சும்மா மாத்தேல்லை. கேட்டுத்தான் மாத்தினனான். தம்பியிட்டைக் கேட்டன். 'உங்கட பேரைப் போடட்டோ?' எண்டு. 'ஓம், போடுங்கோ' எண்டவர். பக்கத்திலைதானே நிக்கிறார், கேட்டுப் பாருங்கோ."

நான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் முதுகுப்பையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் என் கோபம் பெரிதுபடுத்திய கோபமாகத் தெரியும். கொழும்பில் நான் வேலை பார்த்த காலத்தில், வீதிச் சோதனையில் அடையாள அட்டையைக் காட்டுவோம். வீட்டில் தங்கியிருப்பவர்களைப் பொலிஸில் பதிந்த தாளையும் காட்டுவோம். ஒருநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் என்னைப் பேருந்திலிருந்து இறக்கினார்கள். அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் ஒரு எழுத்தோடு முடிந்தது, பதிவுத் தாளில் வேறொரு எழுத்தோடு முடிந்தது. எழுதிய பொலிஸ்காரனின் பிழை. அந்த ஒரு எழுத்துக்காகக் காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து மணிவரை பொலிஸ் நிலையத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். "இது யார்? இந்தப் பெண் யார்?" என்று நான்கு பேர் மாறி மாறிக் கேட்டார்கள். பத்திரிகை ஆசிரியர் வந்து கையெழுத்து வைத்துத்தான் என்னை மீட்டார். அதன்பின் எந்தத் தாளிலும் என் பெயரைப் பார்க்காமல் நான் விட்டதில்லை.

என் கணவருக்கு இந்தக் கதை தெரியும். கலியாணத்துக்கு முன்பே தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிக்கெட் தாளை நானும் பார்த்தேன். தேதி, நேரம், விமானம் மாறுமிடம் எல்லாவற்றையும் விரல் வைத்து வாசித்தேன். பெயர் வரியை வாசிக்கவில்லை. பத்திரிகையில் பெரிய பிழைகள் எப்போதும் தலைப்பில்தான் தப்பும். எல்லோரும் பொடி எழுத்தைத்தான் தேடுவார்கள். இரண்டு வரியிலும் பழகிய பெயர் இருந்ததால் கண் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. ஒப்புநோக்குநராக அது என் பிழை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழையைத் தவற விட்டவளும் பிழையைப் போட்டவரும் ஒன்றல்ல.

கடைக்காரர் டிக்கெட்டை மாற்றித் தர இரண்டு நாள் கேட்டார். பார்க் எக்ஸ்டென்ஷனுக்குத் திரும்பினோம். மாடிப்படியில் இரண்டாம் மாடி அக்கா குப்பைப் பையோடு எதிரே வந்தார். காலையில் எங்களை வழியனுப்பியவரே அவர்தான்.

"என்னப்பா, தென்னமெரிக்கா எண்டியள். அவ்வளவு கிட்டவோ?"

"பிளேன் போயிட்டுது, அக்கா" என்றார் என் கணவர்.

"போனது பிளேனில்லை, என்ர பேர்" என்றேன் நான்.

அக்கா இருவரையும் பார்த்தார். பிறகு குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக இறங்கினார்.

இரண்டு நாளும் முதுகுப்பைகள் வாசலில் சுவரோடு சாய்ந்து நின்றன. அவர் சமைத்தார். "சாப்பிடும்" என்றார். சாப்பிட்டேன். "தேத்தண்ணி போடட்டோ?" என்றார். போடச் சொன்னேன். "கோவமோ?" என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அங்கேயே முடிந்திருக்கும்.

புதிய டிக்கெட் வந்தது. இந்த முறை எழுத்தெண்ணி வாசித்தேன். கவுன்டரில் வேறொருத்தி இருந்தாள். எங்களை ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை.

சாண்டியாகோவிலிருந்து பேருந்தில் வல்பரைசோ போய்ச் சேரும்போது நண்பகல். வெயில் கண்ணைக் கூசச் செய்தது. என் சிலித் தோழி தன் பழைய அயலவள் வீட்டு முகவரியைத் தந்திருந்தாள். அங்கே அறைகள் வாடகைக்கு விடுவார்கள். மலைமேல் போக ஒரு மரப்பெட்டி இருந்தது. கம்பியில் கட்டி, தண்டவாளத்தில் செங்குத்தாக இழுக்கிறார்கள். ஊர்க்காரர் சந்தைச் சாமானோடு அதில் ஏறுகிறார்கள். ஏறும்போது பலகை இடுக்கு வழியாகக் கீழே வீட்டுக் கூரைகள் தெரிந்தன. மஞ்சள், பச்சை, வெந்தயக் கலர், நீலம். கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டைத்தான் வீட்டுக்கு அடித்தார்களாம். அதனால் ஒரே வீட்டில் மூன்று நீலம் இருந்தது.

அறை விடும் பெண்மணிக்கு அறுபது வயதிருக்கும். பெரிய பதிவேட்டை விரித்து என் முன் வைத்தாள். எனக்கு ஸ்பானிய மொழி தோழி கற்றுத் தந்த நாற்பது ஐம்பது சொற்கள்தான். ஆனாலும் பதிவேட்டில் மூன்று பத்திகள் இருந்தது விளங்கியது. பெயர். அப்பா பக்கத்துப் பெயர். அம்மா பக்கத்துப் பெயர்.

மூன்றாவது பத்தியில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவின் பெயரை எந்தப் படிவத்திலும் என் பெயரின் பாகமாக யாரும் கேட்டதில்லை. அப்பா பள்ளிக்கூட மாஸ்டர் என்பதால் ஊரில் அவளை மாஸ்டற்ற மனிசி என்பார்கள். நாங்கள் பிறந்த பிறகு பெரியவளின்ர தாய் என்றார்கள். அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதை நான் கண்டுபிடித்தது சங்கக்கடையில், அரிசி வாங்கும் கூப்பன் அட்டையில். அப்போது எனக்கு ஏழு வயது. வீட்டுக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டேன். அடுப்படியிலிருந்து ஓடி வந்து வாயிலேயே ஒன்று போட்டாள்.

அந்தப் பெயரை மூன்றாவது பத்தியில் எழுதினேன்.

என் கணவர் தோளுக்கு மேலால் பார்த்தார். பேனாவை வாங்கித் தன் வரியை எழுதினார். மூன்றாவது பத்தியில் அவருக்கும் நேரம் எடுத்தது. தன் அம்மாவின் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று அவர் அதுவரை யோசித்திருக்கவில்லை.

பெண்மணி இரண்டு வரிகளையும் வாசித்தாள். மோதிர விரலைத் தொட்டுக் காட்டி, கணவன் மனைவியா என்று சைகையில் கேட்டாள். ஆமென்றோம். பெயர் வரிகள் இரண்டிலும் ஒன்றோடொன்று ஒட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. அவளுக்கு அதில் எந்த வியப்பும் இல்லை. இரண்டு பெயர்களையும் தனித்தனித் துண்டுத் தாளில் எழுதி, சாவிகள் தொங்கும் பலகையில் ஒட்டினாள். காலையில் வெளியே போகும்போதும் மாலையில் வரும்போதும் அந்தப் பலகையைக் கடந்து போவேன். அப்பாவும் அம்மாவும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில், எனக்குப் பின்னால் நின்றார்கள்.

இதனால் நான் குளிர்ந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த ஊரில் எதுவும் நேராகக் கிடைக்காது, எல்லாம் படி. காலையிலிருந்து படியேறுவோம். சுவர்கள் முழுக்க ஓவியம்: இறக்கை முளைத்த மீன்கள், ஒற்றைக் கண் பூனைகள், கதவு அளவு முகங்கள். மின்கம்பிகள் தலைக்கு மேல் சிக்குப்பட்ட நூல்கண்டு போல. படியெங்கும் நாய்கள். யாருக்கும் சொந்தமில்லாத நாய்கள், ஆனால் நன்றாகச் சாப்பிட்ட நாய்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ பாட்டைப் போட்டிருந்தார்கள், யாரோ மீன் பொரித்தார்கள். நான் எட்டுப் படி முன்னால் நடந்தேன். அவர் எட்டுப் படி பின்னால் வந்தார். இரண்டு பைகளிலும் கனமானதை அவர் எடுத்திருந்தார். அதை நான் கவனித்தேன். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

நான்காம் நாள், துறைமுகம் முழுவதும் தெரியும் ஒரு மேட்டில் உட்கார்ந்தோம். கீழே கிரேன்கள் சரக்குப் பெட்டிகளைத் தூக்கின. அவர் நெடுநேரம் பார்த்தார்.

"அந்தச் சிவப்புப் பெட்டிக் கொம்பனி எங்கட இடத்துக்கும் வாறது" என்றார்.

"ஏன் ஓம் எண்டனீங்கள்?"

எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கியது.

"அவர் கேட்டார். கடையிலை சனம் நிண்டது. பெரிய விசயமாத் தெரியேல்லை."

"என்ர பேர் உங்களுக்குப் பெரிய விசயமில்லை."

"அப்பிடிச் சொல்லேல்லை. இல்லையெண்டு சொன்னால் அந்தாள் ஒரு மாதிரிப் பாத்திருப்பார். 'மனிசியின்ர சொல்லுக்கோ ஆடுறியள்?' எண்டு பகிடி பண்ணுவார். அதுதான்." பிறகு, சொல்லலாமா என்று யோசித்து, சொல்லியே விட்டார்: "உம்மட அப்பான்ர பேரும் ஒரு ஆம்பிளையின்ர பேர்தானே?"

அது நல்ல கேள்வி. நல்ல கேள்வி என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"ஓம். ஆம்பிளையின்ர பேர்தான். ஆனால் அதை வைச்சுத்தான் நான் பள்ளிக்கூடம் போனனான். அதை வைச்சுத்தான் சோதினை எழுதினனான். அந்த வாங்கிலை ஒன்பது மணித்தியாலம் இருந்தது அந்தப் பேருக்காக. நீங்கள் வரேக்கை எனக்கு இருபத்தெட்டு வயசு. அதுக்கு முதல் இருந்தவளை ஆர் பிளேனாலை இறக்கினது? கடைக்காரனில்லை. நீங்கள்."

கீழே ஒரு பெட்டி ஆடி ஆடி இறங்கியது. அது தரையைத் தொடும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பிழைதான்."

"என்னட்டைச் சொல்லி என்ன பிரயோசனம்?"

பத்திரிகையில் எங்கள் பிரதான உதவி ஆசிரியர் ஒரு விதி வைத்திருந்தார். முதல் பக்கத்தில் பிழை விட்டால் திருத்தமும் முதல் பக்கத்தில்தான் வர வேண்டும். ஏழாம் பக்கத்து மூலையில், வானிலைக்குக் கீழே போட்டால் அது திருத்தமில்லை, ஒளிப்பு. இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். விளங்கித்தான் ஆட்டினாரா, கிரேனைப் பார்க்க விடுவேன் என்று ஆட்டினாரா என்று எனக்கு நிச்சயமில்லை.

கடைசி நாள் அறை விடும் பெண்மணி எங்கள் இருவரையும் தன் மஞ்சள் வாசலில் நிறுத்திப் புகைப்படம் எடுத்தாள். முதுகில் பை, பின்னால் கடல்.

மொன்றியலுக்குத் திரும்பி, மதியச் சாப்பாட்டில் தோழியிடம் பதிவேட்டுக் கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அம்மாவின் சொந்தப் பெயரையா எழுதினாய்? அங்கே எழுதுவது அம்மாவின் அப்பாவுடைய குடும்பப் பெயரை!"

கடைசியில் அங்கேயும், சுற்றி வளைத்துப் பார்த்தால், இன்னொரு ஆண்தான். என் வாழ்க்கையில் படிவம் நிரப்புவதில் நான் விட்ட பிழைகளில் இந்த ஒன்றுக்காக மட்டும் நான் வருந்தவில்லை. வல்பரைசோவில் ஒரு பதிவேட்டில் என் அம்மாவின் பெயர் இருக்கிறது. திருத்த நான் போகப் போவதில்லை.

பிப்ரவரி நடுவில் ஒருநாள் என் கணவர் வேலை முடிந்து வந்து, பனிச்சப்பாத்தைக் கழற்றாமலே வாசலில் நின்றார்.

"கடையிலை எங்கட படத்தை ஒட்டியிருக்கிறார்" என்றார்.

"என்ன படம்?"

"மஞ்சள் வாசல் படம். நான்தான் குடுத்தனான். போன கிழமை கேட்டவர், தென்னமெரிக்காவுக்கு அனுப்பினது எண்டு சனத்துக்குக் காட்ட." சற்று நின்றார். "கீழை எழுதியிருக்கிறார். திரு. திருமதி எண்டு போட்டு, என்ர பேரை. தம்பதியினர், தென்னமெரிக்காவில். அவ்வளவுதான். உம்மட பேர் இல்லை."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்தேன்.

"இந்த முறை என்ர பாதிப் பேர்கூட இல்லையோ?"

"இல்லை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் சொல்லேல்லை. உம்மட்டைச் சொல்லுவமெண்டு வந்தனான். நீர் வந்து திருத்தும்."

நான் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குப் போனேன். கொழும்பிலிருந்து கொண்டு வந்த சாமான்களுள் ஒரு சிவப்புப் பேனா இருந்தது. அதன் மை எப்போதோ காய்ந்துவிட்டது. அதற்குப் பதில் கிடங்கில் லேபலுக்குப் பாவிக்கும் சிவப்புப் பேனாவை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"பிழை விட்டது நீங்கள். விட்டது அந்தக் கடையிலை. திருத்தமும் அந்தக் கடையிலை. நான் பாத்துக்கொண்டு நிப்பன்."

"இப்பவோ?"

"சப்பாத்து இன்னும் காலிலைதானே கிடக்கு."

கடையில் அந்த நேரம் மூன்று பேர் நின்றார்கள். சென்னைப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் டெலிபோன் கார்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி கொழும்பு டிக்கெட்டுக்காகக் கடவுச்சீட்டை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். படம் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருந்தது. கணவர் சொன்னபடியே கீழே நீல மையில், அழகான எழுத்தில், திருமதி என்ற சொல் இருந்தது, நான் இல்லை.

"வாங்கோ, வாங்கோ! தென்னமெரிக்கா!" என்றார் கடைக்காரர். "தங்கச்சி, கோவம் ஆறிட்டுதோ?"

"இல்லை, அண்ணை" என்றேன்.

என் கணவர் மேசைக்கு முன்னால் போய் நின்றார். ஃபோர்க்லிஃப்டில் பாரம் ஏற்றும்போது அவர் இப்படித்தான் நிமிர்ந்து உட்காருவார் என்று நினைக்கிறேன்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் என்னட்டை ஒண்டு கேட்டனீங்கள். உங்கட பேரைப் போடட்டோ எண்டு. நான் ஓம் எண்டது பிழை. அவவின்ர பேர் அதில்லை. அவவிட்டைக் கேட்டிருக்க வேணும். இதிலையும் பிழையாக் கிடக்கு. திருத்தப்போறன்."

"மனிசி சொல்லிக் குடுத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறா போலை கிடக்கு" என்று கடைக்காரர் அந்தப் பெண்மணியைப் பார்த்துக் கண்ணடித்தார். பெண்மணி சிரிக்கவில்லை.

"ஓம்" என்றார் என் கணவர். "அவதான் சொல்லித் தந்தவ."

அவர் முகம் காது வரை சிவந்திருந்தது. ஆனால் கையை எட்டிப் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். "திரு. திருமதி" என்பதை ஒரு கோட்டால் வெட்டினார். தன் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறியைப் போல ஒன்றை இட்டு என் பெயரை எழுதத் தொடங்கினார். என் அப்பாவின் பெயர், பிறகு என் பெயர். அந்த வேலை நடக்கும்போது மேசையில் இருந்த தன் கடவுச்சீட்டை அந்தப் பெண்மணி இழுத்து எடுத்தார், விரித்தார், கடைக்காரர் அச்சடித்து வைத்திருந்த தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஏன் தங்கச்சி, நான் பாத்துத்தானே அடிச்சனான்" என்றார் கடைக்காரர்.

"நானும் ஒருக்காப் பாக்கிறன்" என்றார் பெண்மணி.

என் கணவர் எழுதி முடித்துப் பேனாவை மூடி, படத்தை என் பக்கம் திருப்பினார். முகத்தில் பரீட்சை எழுதி முடித்தவனின் ஆறுதல் இருந்தது. நான் குனிந்து வாசித்தேன். அப்பாவின் பெயர் சரி. என் பெயரில் ழகரம் வர வேண்டிய இடத்தில் ளகரம் போட்டிருந்தார். கலியாணமாகிப் பதினொரு வருடம்.

"இப்ப சரிதானே?" என்றார்.

பேனாவை வாங்கினேன். பிழையான எழுத்தை வட்டமிட்டு, ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்து, ஒப்புநோக்குநர் போடும் குறியோடு சரியான எழுத்தை எழுதினேன். பிறகு படத்தைக் கடைக்காரரிடம் கொடுத்து, முன்பு இருந்த இடத்திலேயே, கல்லாவுக்கு மேலேயே, ஒட்டச் சொன்னேன். அவர் ஒட்டி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.